எண்ணும் எழுத்தும் காத்த காடு

அமராவதிபுதூரிலிருந்து மேற்கே திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகச் செல்வோர் கண்ணில் படும் பிரான்மலையே சங்கப் புலவர் போற்றிய பறம்பு மலை என்பது அறிஞர் பலரின் கொள்கை. மூவேந்தரும் அம்மலையை முற்றுகையிட்டபோது அவர்முன் நின்று கபிலர் உரைத்தது புறநானூற்றில் பதிவாகியிருக்கிறது. அது வெறும் புகழுரை அன்று, ஒரு கணக்கு. மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என, ஏர் பூட்டாமலே அம்மலை தரும் விளைவுகள் நான்கை அவர் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். இத்தனை வளமுடைய மலையை முற்றுகையால் பட்டினி போட இயலாது என்பது அவர் வாதம். வாளுக்கு வசப்படாத அந்நாடு பாடி வருவோர்க்கு எளிதில் வசப்படும் என்பது அவர் முடிவு. ஒரு மலைக்காக ஆட்சியாளரிடம் வழக்குரைத்த புலவர்களுள் கபிலர் தலையாயவர். அவர் வழக்கில் எண்ணும் எழுத்தும் ஒருங்கே நின்றன.

ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் கழித்து, பழைய சேரநாட்டு மண்ணில் அத்தகைய வழக்கு ஒன்று மீண்டும் எழுந்தது. இம்முறை முற்றுகைக்கு உள்ளானது ஒரு பழங்காடு. எதிரே நின்றது பகையரசு அன்று. மக்கள் தேர்ந்தெடுத்த அரசே, மக்கள் நலன் கருதி வகுத்த திட்டத்தோடு நின்றது. 1973-இல் ஒப்புதல் பெற்ற அத்திட்டம் 1983-இல் கைவிடப்பட்டது. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் தாவரவியலாரும் பொறியாளரும் கவிஞரும் ஒரே மேடையில் நின்று பேசினர். மரத்தூண் தாங்கும் மாளிகைகள் நிறைந்த செட்டிநாட்டில், அதிலும் ஓர் இலக்கிய வட்டத்தில், அந்தப் பத்தாண்டுக் கதை நினைவுகூரத் தக்கது.

குந்திப்புழை பாயும் வனம்

நீலகிரி மலையின் தென்மேற்கு மூலையில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அமைந்தது அமைதிப் பள்ளத்தாக்கு. ஆங்கிலேயர் இட்ட 'சைலன்ட் வேலி' என்ற பெயரின் தமிழாக்கம் இது. சிள்வண்டின் ஓசை அங்குக் கேளாமையால் அப்பெயர் வந்தது என்பர். அப்பகுதி மக்கள் அதைச் சைரந்திரி வனம் என்றே வழங்கினர். விராட நாட்டில் மறைந்து வாழ்ந்த பாஞ்சாலி பூண்ட பெயர் சைரந்திரி. அவ்வனத்தின் ஊடே ஓடும் ஆற்றுக்கோ பாண்டவரின் தாய் பெயர்: குந்திப்புழை. நீலகிரிச் சரிவில் தோன்றி வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடி, தூதப்புழையுடன் கூடிப் பாரதப்புழையை அடைகிறது அவ்வாறு.

பள்ளத்தாக்கின் தலைமாட்டில் 2,383 மீட்டர் உயரமுள்ள அங்கிண்டா முடி நிற்கிறது. சுற்றிலும் உள்ள செங்குத்துச் சரிவுகளே அக்காட்டுக்கு வேலியாயின. 1847-இல் தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் அங்குச் சென்று செடிகொடிகளை ஆராய்ந்தார். 1914-இல் அது ஒதுக்குக்காடாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய ஆயிரம் வகைப் பூக்கும் தாவரங்கள் அங்கே உள்ளன.

பசுமை மாறா மழைக்காடு என்பது மரங்களின் கூட்டம் மட்டும் அன்று. மேலே, மரத்தலைகள் ஒன்றோடொன்று பின்னி அமைந்த விதானம். கீழே, நூற்றாண்டுகளாக உதிர்ந்த இலை மக்கிய மெத்தை. அடைமழையை விதானம் தாங்கித் துளியாக்கி இறக்க, மெத்தை அதை உறிஞ்சி வைத்துக் கோடையிலும் ஊற்றாகக் கசிய விடுகிறது. சிங்கவால் குரங்கு என்னும் சோலைமந்தி அவ்விதானத்திலேயே பிறந்து, வெடிப்பலா போன்ற மரங்களின் பூவையும் காயையும் உண்டு வாழ்ந்து மடிவது. தரையில் அது இறங்குவது அரிது. எனவே விதானத்தில் விழும் ஒவ்வோர் இடைவெளியும் அதன் பாதையில் விழும் வெட்டாகும். நட்டு வளர்த்த தோப்பு எத்தனை அடர்த்தியாயினும் இவ்வமைப்பை ஓரிரு தலைமுறையில் பெற்றுவிடாது.

அணையின் பக்கத்து நியாயம்

குந்திப்புழை மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் இடுக்கு, அணைக்கென்றே அமைந்தது போன்றது. 1958-இல் ஆய்வு நடந்தது. 1973-இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. சுமார் 130 மீட்டர் உயர அணை. முதற்கட்டமாக 120 மெகாவாட் மின்சாரம். பாலக்காடு, மலப்புரம் மாவட்டங்களில் ஏறக்குறைய 10,000 ஹெக்டேருக்குப் பாசனம். இதற்கு நீரில் மூழ்கவேண்டிய நிலம் 830 ஹெக்டேர்.

திட்டத்தை விரும்பியோரைத் தீயவராகக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. மலபார்ப் பகுதி மின்சாரத்திலும் தொழிலிலும் பின்தங்கியிருந்தது. வேலையற்ற இளைஞர் பலர் அங்கே இருந்தனர். அணை கட்டும் காலத்தில் சில ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கும். பிறகு ஆலைகள் எழும் என்ற நம்பிக்கை இருந்தது. மாநிலத்தின் பெருங்கட்சிகள் அனைத்தும், மின்வாரியமும், தொழிற்சங்கங்களும் ஆதரித்தன. காட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மூழ்கும் என்றனர். மனிதன் பெரிதா, குரங்கு பெரிதா என்ற கேள்வி மேடைதோறும் ஒலித்தது. கைதட்டலுக்கு ஏற்ற கேள்வி அது.

எண்

அக்கேள்விக்கு விடை முதலில் கணக்கிலிருந்து வந்தது. 1976-இல் சாபர் ஃபுட்டஹல்லி தலைமையில் அமைந்த மத்தியப் பணிக்குழு, திட்டத்தைக் கைவிடுவதே நலம் என்றது. தவிர்க்க இயலாதெனில் கடைப்பிடிக்க வேண்டிய காப்பு நிபந்தனைகளையும் சேர்த்துச் சொன்னது. நிபந்தனைகளை ஏற்றுப் பணியைத் தொடங்குவதே அரசுக்கு எளிதாயிற்று.

அந்நிலையில் களம் இறங்கியது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். அதன் பெயரிலேயே இலக்கியம் இருப்பதை இலக்கிய வட்டத்தார் கவனிக்க வேண்டும். 1962-இல் கோழிக்கோட்டில், அறிவியலைத் தாய்மொழியில் எழுத முனைந்த எழுத்தாளர்கள் கூடித் தொடங்கிய அமைப்பு அது. தாவரவியல் பேராசிரியர் எம். கே. பிரசாத், அணை வந்தால் அழியவிருப்பது யாது என்பதை மலையாளத்தில், எளிய நடையில், பொதுமக்களுக்காக எழுதினார். விலங்கியல் பேராசிரியர் ஜான் சி. ஜேக்கப் மாணவர்களைத் திரட்டிக் காட்டுக்கு அழைத்துச் சென்று இயற்கையைக் கற்பித்தார்.

1979-இல் பரிஷத் ஒரு மதிப்பீட்டு நூலை வெளியிட்டது. அதை எழுதியோர் பிரசாத், எம். பி. பரமேசுவரன், வி. கே. தாமோதரன், கே. என். சியாமசுந்தரன் நாயர், கே. பி. கண்ணன் ஆகிய ஐவர். தாவரவியல், பொறியியல், வேளாண்மை, பொருளியல் எனத் துறைகள் பல அதில் கலந்தன. மின்சாரம் வேண்டாம் என்று அந்நூல் சொல்லவில்லை. மலபாரின் தேவை எவ்வளவு, அதை வேறு வழியில் எவ்வாறு ஈடுசெய்யலாம், மின்கடத்தலில் வீணாவதைக் குறைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று வினவியது. பத்தில் ஒரு பங்கு என்ற வாதத்துக்கும் மறுமொழி எழுந்தது: மூழ்கும் அந்தப் பங்கே ஆற்றங்கரைக் காடு, வனத்தின் உயிர்நிலை, சாலையும் தொழிலாளர் குடியிருப்பும் விறகுத் தேவையும் மீதியையும் மெல்லத் தின்னும். பரிஷத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. ஆயினும் வாதம் நின்றது. குரங்கு பெரிதா என்ற கேள்வியின் இடத்தில், இந்த மின்சாரத்துக்கு இந்தக் காடுதான் விலையா என்ற கேள்வி வந்து அமர்ந்தது.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி குரல் கொடுத்தார். அந்நாளில் மத்திய வேளாண் துறைச் செயலாளராக இருந்த, கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் பள்ளத்தாக்கை ஆராய்ந்து ஒரு பரிந்துரை வைத்தார். அமைதிப் பள்ளத்தாக்கு, புதிய அமரம்பலம், அட்டப்பாடி ஆகியவற்றோடு தமிழகத்தின் குந்தாக் காட்டையும் சேர்த்து ஒரே மழைக்காட்டுக் காப்பகமாக்க வேண்டும் என்பது அது. மாநில எல்லை அறியாத காட்டை மாநில எல்லை கடந்து நோக்கிய பரிந்துரை. 1979-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அதை ஏற்கவில்லை. பணியைத் தொடர அனுமதி கிடைத்தது.

எழுத்து

பிரசாத்தின் கட்டுரையைப் படித்தவர்களுள் ஒருவர் கவிஞர் சுகதகுமாரி. படித்ததோடு அமையாது சக கவிஞரைத் தேடிச் சென்றார். என். வி. கிருஷ்ண வாரியர், வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனன், ஓ. என். வி. குறுப்பு, அய்யப்பப் பணிக்கர், கடம்மனிட்ட ராமகிருஷ்ணன், விஷ்ணுநாராயணன் நம்பூதிரி என மலையாளக் கவிதையின் முன்னணியினர் பலர் ஒன்றுகூடினர். இயற்கைப் பாதுகாப்புக்கென ஒரு சமிதி அமைந்தது. கிருஷ்ண வாரியர் அதன் தலைவர், சுகதகுமாரி செயலாளர்.

அவர்களுள் கருத்தொற்றுமை இருந்ததில்லை. அரசியலிலும் யாப்பிலும் எதிரெதிர்த் துருவங்களாய் நின்றவர் சிலர். மரபுக் கவிஞரும் புதுக்கவிஞரும் ஒரே மேடையில் பாடியது காட்டின் பொருட்டே. கல்லூரிகளிலும் தெருமுனைகளிலும் கவியரங்குகள் நடந்தன. சுகதகுமாரி இயற்றிய 'மரத்தினு ஸ்துதி' கூட்டந்தோறும் ஒலித்தது. 'மரக்கவிகள்' என்று எதிர்த்தரப்பு ஏளனம் செய்தது; கவிதைக்குப் பொருள் கிடைக்காதவர்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்றும் பேசினர். ஏளனமாக எறியப்பட்ட பெயர் நாளடைவில் பெருமைப் பெயராயிற்று.

கவிஞர் செய்தது யாது என்று வரையறுத்துக்கொள்வது நல்லது. மின்சாரக் கணக்கை அவர்கள் திருத்தவில்லை. அது அவர் பணி அன்று. ஒருமுறையேனும் அக்காட்டைக் காணாத பல்லாயிரம் பேர், இனிக் காணவும் வாய்ப்பில்லாதவர், அதைத் தம்முடையதென உணர்ந்தது கவிதையால். ஆய்வறிக்கை ஐந்நூறு பேர் கைக்குப் போகும். பாட்டு வாய்வழியே ஊர் ஊராகப் போகும். அறிக்கை இல்லாது பாட்டு மட்டும் இருந்திருந்தால், அதைப் புலம்பல் என்று ஒதுக்கியிருப்பர். பாட்டு இல்லாது அறிக்கை மட்டும் இருந்திருந்தால், அது கோப்பில் உறங்கியிருக்கும்.

பத்தாண்டின் முடிவு

வழக்கு நீதிமன்றத்துக்கும் சென்றது. 1979-இல் கேரள உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1980 ஜனவரியில் மனு தள்ளுபடியாயிற்று. அறிவியல் வாதங்களை எடைபோட்டு அரசின் முடிவை மாற்றுவது நீதிமன்றத்தின் வேலை அன்று என்பது தீர்ப்பின் சாரம். அதே மாதம் மீண்டும் பிரதமரான இந்திரா காந்தி பணியை நிறுத்தி வைக்குமாறு மாநில அரசைக் கேட்டுக்கொண்டார். 1980 டிசம்பரில், அணைப் பகுதியை மட்டும் விலக்கிவிட்டு மீதியைத் தேசியப் பூங்காவாக மாநில அரசு அறிவித்தது. இதயத்தை விலக்கி உடலைக் காக்கும் அந்த ஏற்பாட்டை இயக்கத்தார் ஏற்கவில்லை.

பின்னர் எம். ஜி. கே. மேனன் தலைமையில் மத்திய, மாநில வல்லுநர் அடங்கிய குழு ஆராய்ந்தது. 1983 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று, அணைக்கென ஒதுக்கிய இடமும் உள்ளிட்ட 89.52 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாயிற்று. ஆணை பிறப்பதற்குப் பதினைந்து நாள் முன்னதாக இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார். 1985 செப்டம்பர் 7 அன்று ராஜீவ் காந்தி பூங்காவைத் தொடங்கிவைத்தார். 1986-இல் உருவான நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் அது உட்பகுதியாயிற்று. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் ஒன்றாகவும் ஆயிற்று.

வென்றபின் கவிஞர் வீடு திரும்பிவிடவில்லை. சுகதகுமாரி அட்டப்பாடியில் மொட்டையாகிக் கிடந்த குன்றொன்றில் மக்களைக் கொண்டு மரம் வளர்த்தார். கிருஷ்ணவனம் என்பது அதன் பெயர். 2020 டிசம்பரில் அவரும், 2022 ஜனவரியில் பிரசாத்தும் மறைந்தனர். இருவரையும் கொண்டுசென்றது ஒரே கொள்ளைநோய்.

காடு என்னும் சொல்

அமைதிப் பள்ளத்தாக்கு தந்த ஊக்கம் மலைத்தொடர் முழுதும் பரவியது. 1987 நவம்பரில் கன்னியாகுமரியிலிருந்தும் வடக்கே மகாராட்டிர எல்லையிலிருந்தும் புறப்பட்ட 'மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்போம்' நடைப்பயணக் குழுவினர், 1988 பிப்ரவரியில் கோவாவில் சந்தித்தனர்.

தமிழகத்தின் கூடலூர்க் காடுகள் மற்றொரு திருப்பத்துக்குக் காரணமாயின. அங்கே மரங்கள் வெட்டப்படுவது கண்டு, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த ஆணை, சொல்லை ஆள்வோர் அனைவரும் அறிய வேண்டியது. பதிவேட்டில் காடென எழுதப்பட்டது மட்டுமே காடு அன்று. அகராதி தரும் பொருளில் எது காடோ அதுவும், யாருக்கு உரியதாயினும், சட்டத்தின் காப்புக்கு உரியது என்றது நீதிமன்றம். ஓர் அகராதிச் சொல் பல இலட்சம் ஏக்கருக்குக் காவலாய் நின்றது. 2023-இல் வந்த சட்டத்திருத்தம் அக்காவலைக் குறுக்குகிறது என வழக்கு எழுந்தபோது, 1996-ஆம் ஆண்டு விளக்கத்தையே பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. சொல்லின் எல்லை சுருங்கினால் நிலத்தின் எல்லையும் சுருங்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அன்று அறியாத பயன்

எழுபதுகளின் வாதத்தில் மரபணு வளமும் மழையும் அரிய விலங்கும் பேசப்பட்டன. பருவநிலை மாற்றம் பெரிதாகப் பேசப்படவில்லை. உலக நாடுகள் அதற்கென அறிவியல் குழு அமைத்ததே 1988-இல்தான். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கிய 1958-இல் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 315 பங்காக இருந்த கரியமிலவாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பழங்காடு தன் தண்டிலும் வேரிலும் மண்ணிலும் நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த கரி, வெட்டி எரித்தால் காற்றில் கலக்கும். மீண்டும் சேரப் பல தலைமுறை ஆகும். 2021-இல் கிளாஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள், 2030-க்குள் காட்டழிவை நிறுத்துவோம் என உறுதி கூறியது இதனால்தான்.

இங்கே ஒரு முரணையும் மறைக்கலாகாது. நீர்மின்சாரம் கரியை எரிக்காதது. அதே அணை இன்று முன்மொழியப்பட்டால், பருவநிலையின் பெயராலேயே ஆதரவு கேட்கக் கூடும். பூங்காவின் எல்லைக்குக் கீழே பாத்திரக்கடவில் அணை கட்டும் யோசனை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழவே செய்தது. இதற்கு விடை பரிஷத் அன்று கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது. மின்சாரத்துக்கு வழிகள் பல. வெயிலும் காற்றும் இன்று அவற்றுள் சேர்ந்துவிட்டன. பழங்காட்டுக்கோ வழி ஒன்றே: காலம்.

செட்டிநாட்டின் கடன்

இவையெல்லாம் மலைநாட்டுச் செய்திகள், மழை குறைந்த செட்டிநாட்டுக்கு என்ன தொடர்பு என்று எண்ணத் தோன்றலாம். தொடர்பு வீட்டு வாசலிலேயே நிற்கிறது. முகப்பையும் வளவையும் தாங்கும் தூண்கள், நிலைக்கதவுகள், உத்தரங்கள் ஆகியவற்றுள் பெரும்பகுதி பர்மாத் தேக்கு. ஓர் ஆள் கட்டிப்பிடிக்க இயலாத தூண், நட்ட தோப்பில் விளைந்ததன்று. பழங்காட்டில் பல தலைமுறை நின்ற மரம். அந்தத் தேக்குக் காடுகளை முன்னிட்டு எழுந்த வழக்கே, 1885-இல் ஆங்கிலேயர் வட பர்மாவின் மேல் படையெடுக்க ஒரு காரணமாயிற்று.

ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தின் கதை இன்னும் நெருங்கியது. 1850-களில் பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ்ப் பர்மாவின் நெல்வயல், 1930-களுக்குள் பல மடங்காகப் பெருகியது. பெருகிய பரப்பில் பெரும்பகுதி சதுப்புக் காடாக இருந்தது. அக்காட்டைத் திருத்தியவர் பர்மிய உழவர். முதல் தந்தவர்களுள் முதன்மையானவர் நகரத்தார். பெருமந்தத்துக்குப் பின் அவ்வயல்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அவர்களிடமே வந்து சேர்ந்தது. 1942-இல் போர் துரத்தியது. 1960-களில் நாட்டுடைமை எஞ்சியதையும் எடுத்துக்கொண்டது. இழந்த நிலத்தின் கணக்கு செட்டிநாட்டு வீடுகளில் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. இழந்த காட்டின் கணக்கு பேசப்பட்டது குறைவு. அக்கால மனிதரைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. காடு அழிவது உலகெங்கும் வளர்ச்சியெனக் கருதப்பட்ட காலம் அது. ஆயினும் தூணாய் நிற்கும் மரத்துக்கு நின்ற இடம் ஒன்று இருந்தது என்பதை நினைப்பதே கடன் தீர்ப்பதன் தொடக்கம்.

அக்கடன் தீர்க்கும் வழியும் இம்மாவட்டத்திலேயே உண்டு. திருப்பத்தூரை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள், கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சும் என்று பல தலைமுறையாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. 1977-இல் அரசு அதைப் புகலிடமாக அறிவித்ததற்கு முன்பே ஊர் அதை அறிவித்துவிட்டது. சிவகங்கை மாவட்டத்தின் ஊடே ஓடும் வைகைக்குத் தாய்வீடான மேகமலைக் காடுகள், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தன. அய்யனார் கோயில்களை ஒட்டிய கோயில்காடுகள் அறிவிப்பு ஏதுமின்றியே சில இடங்களில் இன்னும் நிற்கின்றன. அவற்றின் மரங்கள் எவை, அவற்றுக்கு ஊர் வழங்கும் பெயர்கள் எவை என்று எண்ணி எழுதி வைப்பது, ஆய்வாளரும் கவிஞரும் சேர்ந்து செய்யத்தக்க பணி. பெயர் மறந்த மரத்துக்காக எவரும் வழக்குரைக்க மாட்டார்.

கபிலர் பறம்பைக் காப்பாற்றவில்லை. பாரி வீழ்ந்தான், மலை கைமாறியது. ஆனால் அவர் எண்ணிச் சொன்ன நான்கு விளைவுகளும் இன்றுவரை தமிழில் எஞ்சியிருக்கின்றன. குந்திப்புழைக் கரையில் கவிஞருக்கு வாய்த்தது அதனினும் பெரும்பேறு. பாட்டும் எஞ்சியது, காடும் எஞ்சியது.